நடுங்கும் கதிர்

நுழையும்முன்

சுழலும் பொருள் ஒவ்வொன்றும் சிறிதேனும் நடுங்குகிறது. நூல் சுற்றும் இராட்டையும் நடுங்குகிறது. ஊருக்கெல்லாம் மின்சாரம் தரும் டர்பைனும் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தைக் கை உணரும், கருவி அளக்கும். ஆனால் அதன் பொருளை மனிதன்தான் கண்டறிய வேண்டும். காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் பிறந்து, இயந்திரங்களின் அதிர்வை அளக்கும் பணிக்குச் சென்ற ஒருவரின் அனுபவத்தின் வழியே அந்தப் பொருளைத் தேடுகிறது இக்கட்டுரை.

திண்ணையில் ஒரு பாடம்

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்தில் பொழுது தறியின் ஓசையோடுதான் விடியும். தெருவின் நீளத்துக்குப் பாவினை விரித்து, இழை இழையாகப் பிரித்துச் சரிசெய்வோர் ஒருபுறம். வீட்டினுள் தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்து நெய்வோர் மறுபுறம். நீளவாட்டில் செல்லும் இழை பாவு. அதன் குறுக்கே செல்லும் இழை ஊடை. ஊடைக்குரிய பட்டு நூலைச் சிறு குச்சியில் சுற்றித் தருவதற்குத் தார் சுற்றுதல் என்று பெயர். அந்தத் தார் நாடாவுக்குள் அமர்ந்து, பாவின் குறுக்கே இங்குமங்கும் ஓடிச் சேலையை வளர்க்கும்.

தார் சுற்றும் தாய்க்கும் தறி நெய்யும் தந்தைக்கும் மகனாகப் பிறந்தவர் அவர். அவர் வீட்டு இராட்டையின் சக்கரம் ஒரு பழைய மிதிவண்டியின் ரிம். அதனைக் கையால் ஒருமுறை சுற்றினால், கயிற்றால் பிணைக்கப்பட்ட மெல்லிய இரும்புக் கதிர் பலமுறை சுழலும். தாயின் வலக்கை சக்கரத்தைச் சுற்றும்; இடக்கை விரல்களுக்கிடையே பட்டு நூல் வழுக்கிக்கொண்டு செல்லும். பேச்சும் சிரிப்பும் தெருவைப் பார்ப்பதும் நடக்கும். ஆனால் விரல்கள் நூலை விட்டு அகலா.

அவருக்குப் பத்து வயதிருக்கும். ஒருநாள் நூல் திரும்பத் திரும்ப அறுந்தது. இரண்டு முறை முடிச்சிட்ட தாய், மூன்றாம் முறை சக்கரத்தை நிறுத்திவிட்டார்.

“கதிர் நடுங்குதுடா. அப்பாவக் கூப்பிடு.”

சிறுவன் குனிந்து பார்த்தான். கதிர் எப்போதும்போல் சுழல்வதாகவே அவனுக்குத் தோன்றியது. தாய் அவன் விரலைப் பிடித்து, கதிரைத் தாங்கும் மரக்கட்டையின்மேல் வைத்து, சக்கரத்தை மெல்லச் சுற்றினார். மூடிய கைக்குள் அகப்பட்ட வண்டு சிறகடிப்பதுபோல் கட்டைக்குள் ஏதோ துடித்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று விரலுக்குத் தெரிந்த முதல் அனுபவம் அது.

தறியிலிருந்து எழுந்து வந்த தந்தை, மகனின் பள்ளிப் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்தார். சக்கரத்தைச் சுற்றச் சொல்லி, சுழலும் கதிரின் நுனிக்கு அருகே அதனை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். மெல்லிய உரசல் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டார். நின்ற கதிரைப் பார்த்தபோது, வெள்ளைக் கோடு முழு வட்டமாக இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்திருந்தது.

“கோடு விழுந்த பக்கம்தான் வெளியே தள்ளி நிக்குது, பாத்தியா?”

கதிரைக் கழற்றி, கோடு விழுந்த பக்கத்தை மேலாக வைத்து, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினார். மீண்டும் பூட்டினார், மீண்டும் சாக்பீஸ் பிடித்தார். மூன்றாம் முறை கோடு முழு வட்டமாக விழுந்தது. அதன்பின் அன்று நூல் அறுபடவில்லை.

பல்தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் பயின்று, அதிர்வை அளக்கும் பணியில் சேர்ந்த பிறகுதான், அன்று திண்ணையில் நடந்தது எத்தகைய பாடம் என்பது அவருக்கு விளங்கியது.

நின்றால் தெரியாத குறை

மிதிவண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் முன்சக்கரத்தை மெல்லச் சுழற்றிவிட்டுக் காத்திருந்தால், பெரும்பாலும் காற்றடைக்கும் வால்வு இருக்கும் பக்கம் கீழே வந்து நிற்கும். சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமாகப் பரவவில்லை என்பதற்கு அதுவே சான்று. எடை மிகுந்த பக்கம் புவியீர்ப்பால் கீழே இறங்குகிறது. இவ்வாறு சுழற்சியின்றியே கண்டுகொள்ளத்தக்க குறை நிலைச் சமனின்மை எனப்படும்.

சக்கரம் மெல்லச் சுழலும்வரை இக்குறை யாரையும் துன்புறுத்துவதில்லை. வேகம் கூடும்போதுதான் அதன் வலிமை வெளிப்படும். மையத்தைவிட்டு விலகி நிற்கும் எடை, சுழற்சியில் அச்சினை வெளிநோக்கி இழுக்கிறது. அந்த இழுவிசை எடைக்கும் ஆரத்திற்கும் நேர்விகிதத்தில் இருக்கும். சுழற்சி வேகத்திற்கோ இருமடியில் இருக்கும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும்.

இதன் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். இந்தியாவின் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அதிர்வெண் உடையது. அதனால் அனல்மின் நிலையங்களின் பெரிய டர்பைன்கள் நிமிடத்திற்கு 3000 முறை சுழல்கின்றன. அவ்வேகத்தில் சுழலும் ஒரு சுழலியில், மையத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தொலைவில் வெறும் 10 கிராம் எடை மிகுதியாக இருப்பதாகக் கொள்வோம். அது ஏறத்தாழ 30 கிலோகிராம் எடைக்கு இணையான விசையால் அச்சினை இழுக்கும். அந்த இழுப்பு ஒரே திசையில் நில்லாது. மேலும் கீழும் இடமும் வலமுமாக நொடிக்கு 50 முறை சுற்றிவரும். ஓய்வே இல்லாத அந்த இழுப்பைத் தாங்கியாக வேண்டியவை, அச்சினைச் சுமக்கும் பேரிங்குகள்.

நீண்ட உருளைகளில் இன்னொரு வகைக் குறையும் உண்டு. உருளையின் இட முனையில் மேற்பக்கமும் வல முனையில் கீழ்ப்பக்கமும் ஒரே அளவு எடை மிகுந்திருந்தால், இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அவ்வுருளையை எப்படி வைத்தாலும் அப்படியே நிற்கும். குறையற்றது என்றே தோன்றும். சுழன்றால் மட்டுமே, ஒரு முனை மேலே இழுக்க மறுமுனை கீழே இழுக்க, உருளை தலையாட்டத் தொடங்கும். இத்தகைய சுழலிகளை ஓரிடத்தில் எடை வைத்துச் சரிசெய்ய இயலாது. இரு முனைகளிலும் தனித்தனியே சரிசெய்ய வேண்டும். இயந்திரத்தை அது நிற்கும் இடத்திலேயே வைத்து, இரு தளங்களிலும் சமன்செய்யும் கணக்கு முறையை தியர்ல் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1934ஆம் ஆண்டு வெளியிட்டார்.

மூன்று கேள்விகள்

அதிர்வை அளக்கும் கருவி ஒரு சிறு பெட்டி. அதிலிருந்து நீளும் கம்பியின் முனையில் ஓர் உணரி. பேரிங்கின் உறைமேல் உணரியைப் பொருத்தினால், திரையில் எண்கள் தோன்றும். பணியில் சேர்ந்த புதிதில் அவரைத் திகைக்கவைத்தவை அந்த எண்களே. ஒரே இயந்திரத்திற்கு ஏன் இத்தனை எண்கள் என்று அவர் கேட்டபோது, உடனிருந்த மூத்த பொறியாளர் சொன்ன விடை எளியது: “எண் என்பது விடை, தம்பி. எந்தக் கேள்விக்கான விடை என்று தெரியாவிட்டால், அதனால் பயனில்லை.”

முதல் கேள்வி, எவ்வளவு நடுங்குகிறது என்பது. இதற்கு விடை வீச்சு. நடுங்கும் பொருள் எவ்வளவு தொலைவு நகர்கிறது என்பதை மைக்ரானில் சொல்லலாம். எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதை நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லலாம். அவ்வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதை முடுக்கமாகவும் சொல்லலாம். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். பட்டுப்புழு உமிழும் ஒற்றைப் புரியின் தடிமன் ஏறத்தாழ 10 மைக்ரான். நொடிக்கு 50 முறை நடுங்கும் பொருள், நடுநிலையிலிருந்து அந்தப் புரியின் தடிமன் அளவே இருபுறமும் விலகினாலும், அதன் உச்ச வேகம் நொடிக்கு 3 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். மெதுவான இயந்திரங்களுக்குத் தொலைவும், மிக உயர்ந்த அதிர்வெண்ணில் துடிக்கும் பேரிங் குறைகளுக்கு முடுக்கமும், இடைப்பட்ட பெரும்பாலான இயந்திரங்களுக்கு வேகமும் பொருத்தமான அளவைகளாகும்.

இவ்வளவு என்பது நல்லதா தீயதா என்பதை யார் முடிவு செய்வது? முற்காலத்தில் அனுபவமுள்ள பணியாளர் இயந்திரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். திருப்புளியின் முனையைப் பேரிங்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். ஓடும் டர்பைனின் உறைமேல் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்தி, அது விழாமல் நின்றால் மகிழ்வார். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்த ராத்போன், இத்தகைய கையறிவைக் கருவியின் எண்களோடு பொருத்தி, மென்மையானது, நல்லது, கரடானது என்று வகைப்படுத்தும் வரைபடம் ஒன்றை 1939ஆம் ஆண்டு வெளியிட்டார். பின்னாளில் பன்னாட்டுத் தர அமைப்பு 1995ஆம் ஆண்டு வெளியிட்ட 10816 என்னும் தரவரிசையும் அவ்வழியில் வந்ததே. அதன்படி, 15 முதல் 75 கிலோவாட் வரை திறனுள்ள நடுத்தர இயந்திரத்தின் அதிர்வு வேகம் நொடிக்கு 1.12 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மிக நன்று, 2.8 வரை ஏற்கத்தக்கது, 7.1 வரை நீண்ட நாள் ஓட்டத்தகாதது. அதற்கு மேல் தீங்கு விளைவிப்பது. தாயின் விரல் அறிந்ததையே உலகம் எண்ணாக்கி வைத்திருக்கிறது என்று அவர் எண்ணிக்கொண்டார்.

இரண்டாம் கேள்வி, எத்தனை முறை நடுங்குகிறது என்பது. இதற்கு விடை அதிர்வெண். நிமிடத்திற்கு 1440 முறை, அதாவது நொடிக்கு 24 முறை சுழலும் விசிறி, நொடிக்கு 24 முறையே நடுங்கினால், எடைச் சமனின்மையை முதலில் ஐயுற வேண்டும். நொடிக்கு 48 முறை, அதாவது இரு மடங்கில் நடுங்கினால், மோட்டாரின் அச்சும் விசிறியின் அச்சும் ஒரே நேர்கோட்டில் இல்லையோ என்று பார்க்க வேண்டும். பேரிங்கின் குண்டுகளில் பழுது இருந்தால், சுழற்சியோடு பொருந்தாத உயர்ந்த அதிர்வெண்கள் தோன்றும். சில வேளைகளில் குறை சுழலியிடம் இராது. இயந்திரம் நிற்கும் மேடையின் இயல்பான அதிர்வெண்ணும் சுழற்சியின் அதிர்வெண்ணும் ஒன்றாகி, ஒத்ததிர்வால் சிறு நடுக்கம் பெருநடுக்கமாகியிருக்கும். காய்ச்சல் என்பது நோயன்று, நோயின் அறிகுறி; அதிர்வும் அத்தகையதே. எவ்வகைக் காய்ச்சல் என்பதை அதிர்வெண் சொல்லும்.

மூன்றாம் கேள்வி, எந்தப் பக்கம் என்பது. இதற்கு விடை கட்டக் கோணம். அச்சின்மேல் ஒளியைத் திருப்பும் சிறு பட்டையை ஒட்டி, அதன்மீது ஒளிக்கதிர் வீசினால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அப்பட்டை மின்னும். அந்த மின்னலுக்கும் நடுக்கத்தின் உச்சத்திற்கும் இடையே அச்சு எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்பதைக் கருவி கணக்கிட்டுத் தரும். தந்தை பிடித்த சாக்பீஸ் சொன்ன விடையும் இதுவே.

எவ்வளவு என்பது மட்டும் தெரிந்தால் குறை உண்டு என்று அறியலாம். எத்தனை முறை என்பதும் தெரிந்தால் எவ்வகைக் குறை என்று அறியலாம். எந்தப் பக்கம் என்பதும் தெரிந்தால்தான் கையிலிருக்கும் எடையை எங்கே வைப்பது என்று அறியலாம்.

ஒரு முக்கோணம்

அவர் தனியே சென்று சமன்செய்த முதல் இயந்திரம், ஓர் ஆலையின் காற்றுப்போக்கி விசிறி. அதன் அதிர்வு வேகம் நொடிக்கு 6 மில்லிமீட்டர். கட்டக் கோணம் சுழியம். அதிர்வெண்ணோ சுழற்சியின் அதிர்வெண்ணே. எடைச் சமனின்மை என்பது தெளிவு.

ஆயினும் எத்தனை கிராம் எடையை, எந்தக் கோணத்தில் வைப்பது? இதனை நேரடியாகக் கண்டறிய இயலாது. இயந்திரத்தையே கேட்க வேண்டும். விசிறியை நிறுத்தி, தெரிந்த எடை ஒன்றைத் தெரிந்த இடத்தில் பொருத்தி, மீண்டும் ஓட்ட வேண்டும். இதற்குச் சோதனை எடை என்று பெயர். அவர் 10 கிராம் எடையைப் பொருத்தி ஓட்டினார். அதிர்வு குறையவில்லை, 8 மில்லிமீட்டராக உயர்ந்தது. கட்டக் கோணம் 90 பாகைக்கு மாறியது. அருகில் நின்ற ஆலைப் பணியாளர்கள் முகம் சுளித்தனர். அவரோ மகிழ்ந்தார். அதிர்வு கூடியதா குறைந்ததா என்பதன்று செய்தி. சோதனை எடைக்கு இயந்திரம் எவ்வாறு மறுமொழி தந்தது என்பதே செய்தி.

பதினோராம் வகுப்பில் பயிலும் வெக்டர் கூடுதலே இங்குத் துணைக்கு வருகிறது. முதல் அளவு, 6 அலகு நீளமுள்ள அம்பு. இரண்டாம் அளவு, அதற்குச் செங்குத்தாக 8 அலகு நீளமுள்ள அம்பு. முதல் அம்பின் முனையையும் இரண்டாம் அம்பின் முனையையும் இணைக்கும் கோடுதான் சோதனை எடை தனியே விளைவித்த மாற்றம். செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் 6, 8 எனில் மூன்றாம் பக்கம் 10. ஆகவே 10 கிராம் எடை 10 மில்லிமீட்டர் மாற்றத்தை விளைவித்திருக்கிறது. நீக்க வேண்டியதோ 6 மில்லிமீட்டர். எனவே அதே ஆரத்தில் 6 கிராம் எடை போதும்.

இனித் திசை. சோதனை எடையின் விளைவு, முதல் அம்பினை நேர் எதிராக அழிக்கும் திசையில் இருக்க வேண்டும். முக்கோணத்தில் 6 அலகுப் பக்கத்திற்கும் 10 அலகுப் பக்கத்திற்கும் இடைப்பட்ட கோணம் ஏறத்தாழ 53 பாகை. கட்டக் கோணத்தையும் எடை வைக்கும் கோணத்தையும் சுழலியின்மேல் ஒரே திசையில் எண்ணினால், எடையை முன்பிருந்த இடத்திலிருந்து அதே திசையில் 53 பாகை நகர்த்தி வைக்க வேண்டும். அவர் சோதனை எடையை நீக்கி, 6 கிராம் எடையை அவ்விடத்தில் பொருத்தினார். விசிறி வேகமெடுத்தது. கருவி 0.9 என்று காட்டியது.

எண்கள் மட்டுமல்ல, ஓசையும் மாறியிருந்தது. உறுமிக்கொண்டிருந்த விசிறி, இப்போது காற்றின் ஓசையை மட்டுமே எழுப்பியது. அன்றிரவு வீடு திரும்பியவர், தாயின் எதிரே தரையில் அமர்ந்து சாக்பீஸால் அந்த முக்கோணத்தை வரைந்து காட்டினார். தாய்க்குக் கணக்கு விளங்கியதோ இல்லையோ, மகனின் முகத்திலிருந்த மகிழ்ச்சி விளங்கியது.

நரோராவும் சயானோவும்

அதிர்வை ஏன் இத்தனை அக்கறையோடு அளக்க வேண்டும்? உத்தரப்பிரதேசத்தில் கங்கைக் கரையில் உள்ள நரோரா அணுமின் நிலையத்தின் முதல் அலகில், 1993ஆம் ஆண்டு மார்ச் 31 அதிகாலையில் நிகழ்ந்தது இதற்கு விடையாகும். டர்பைனின் தாழழுத்தப் பகுதியில் கடைசி வரிசையிலிருந்த இறக்கைகளுள் இரண்டு, நாட்பட்ட உலோக அயர்ச்சியால் முறிந்து பறந்தன. நிமிடத்திற்கு 3000 முறை சுழன்றுகொண்டிருந்த சுழலி ஒரு நொடியில் சமநிலை இழந்தது. எழுந்த பேரதிர்வில் மின்னாக்கியின் ஹைட்ரஜன் வாயுவைக் காக்கும் அடைப்புகள் சிதைந்தன. எண்ணெய்க் குழாய்கள் உடைந்தன. வாயுவும் எண்ணெயும் தீப்பற்றின. தீ மின்கம்பிகளின் வழியே பரவ, நிலையம் முழுவதும் ஏறத்தாழ 17 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தது.

பணியிலிருந்தோர் உடனே அணுஉலையை நிறுத்தினர். பின்னர், கைவிளக்குகளின் ஒளியில் உலைக் கட்டடத்தின் மேற்பகுதிக்கு ஏறி, உலை மீண்டும் இயங்காதவாறு தடுக்கும் போரான் கரைசலைச் செலுத்தும் வால்வுகளைக் கையால் திறந்தனர். தீயணைக்கும் டீசல் எந்திரங்களால் நீரேற்றி உலையின் வெப்பத்தைத் தணித்தனர். கதிரியக்கம் வெளியேறவில்லை, எவரும் உயிரிழக்கவில்லை. அவர்களின் துணிவு பெரிது. ஆனால் அத்தனைக்கும் தொடக்கம், ஓர் இறக்கையின் அடிப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்த விரிசல். அதன்பின் அவ்விறக்கைகளின் அடிப்பகுதி வடிவமைப்பு மாற்றப்பட்டது.

ரஷ்யாவின் சயானோ சூசென்ஸ்காயா நீர்மின் நிலையத்தில் 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 அன்று நிகழ்ந்தது வேறு வகையான துயரம். அங்கு இரண்டாம் அலகின் டர்பைன் மூடியை இறுக்கியிருந்த திருகாணிகள் உலோக அயர்ச்சியால் முறிய, நீரின் விசையில் அந்த மாபெரும் இயந்திரமே மேலே தூக்கி எறியப்பட்டது. வெள்ளம் புகுந்த கூடத்தில் 75 பேர் மாண்டனர். விபத்துக்கு முன்னரே பதிவாகியிருந்த அதிர்வு, அனுமதிக்கப்பட்ட அளவைப் பன்மடங்கு கடந்திருந்தது என்று விசாரணை அறிக்கை கூறியது. கருவி இருந்தது, எண்ணும் இருந்தது. அந்த எண்ணைக் கண்டு இயந்திரத்தை நிறுத்தும் முடிவு மட்டும் எடுக்கப்படவில்லை.

இவ்விரண்டையும் மூத்த பொறியாளர் அவருக்கு ஒரே நாளில் சொன்னார். முன்னது விரிசலைத் தேடிப் பார்க்கக் கற்பித்தது. பின்னது எண்ணை மதிக்கக் கற்பித்தது.

எடை வைக்காத நாள்

அந்த அறிவுக்குச் சோதனையும் வந்தது. அவர் முக்கோணம் வரைந்து சமன்செய்த அதே விசிறியில், சில மாதங்களுக்குப் பின் அதிர்வு மீண்டும் தலைகாட்டியது. முதல் வாரம் 2.1, அடுத்த வாரம் 3.0, அதற்கடுத்த வாரம் 5.2. ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. பண்டிகைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை மிகுதியாக இருந்தது. “போன தடவ மாதிரி எடைய வச்சு விட்டுடுங்க சார். அரை மணி நேர வேலைதான?” என்றார் மேற்பார்வையாளர்.

உண்மையில் அது அரைமணி நேர வேலைதான். எடை அவர் பையிலேயே இருந்தது. இயந்திரத்தின் மறுமொழியும் முன்பே தெரிந்திருந்தது. எடையைப் பொருத்தினால் எண் குறையும். பதிவேட்டில் 0.9 என்று எழுதிக் கையொப்பமிட்டு, மாலைக்குள் காஞ்சிக்குத் திரும்பிவிடலாம். அவர் கையும் பைக்குள் சென்றது.

அப்போது திண்ணையில் தாய் மூன்றாம் முறை முடிச்சிடாமல் சக்கரத்தை நிறுத்தியது அவர் நினைவுக்கு வந்தது. அறுந்த நூலை முடிவது எளிது. ஆனால் ஏன் அறுந்தது என்று பாராமல் முடிந்துகொண்டே சென்றால், நூறு முடிச்சுகளோடு ஊடை ஓடும், சேலைதான் கெடும். நன்றாகச் சமன்செய்த விசிறி, யாரும் தொடாமலே வாரந்தோறும் சமநிலை இழக்குமா? எங்கோ எடை சேர்ந்திருக்க வேண்டும். அல்லது எதுவோ இடம்பெயர்ந்திருக்க வேண்டும். கட்டக் கோணமும் வாரந்தோறும் மெல்ல நகர்ந்து வந்திருந்தது.

விசிறியை நிறுத்தித் திறந்து பார்க்காமல் எடை வைக்க இயலாது என்று அவர் சொன்னார். மேற்பார்வையாளர் சினந்தார், ஒருநாள் வேலை நின்றால் எத்தனை பேரின் கூலி போகும் என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதற்கு அவரிடம் விடையில்லை. ஆயினும் பதிவேட்டில் மூன்று வாரத்து எண்களையும் எழுதி, ‘ஆய்வு முடியும்வரை இயக்கலாகாது’ என்று குறித்துக் கையொப்பமிட்டார்.

மறுநாள் விசிறியின் உறையைக் கழற்றினர். படிந்திருந்த தூசியைச் சுரண்டி எடுத்தபோது, ஓர் இறக்கையின் அடிப்பகுதியில், பற்றவைப்பின் ஓரமாக, ஒரு விரல் நீளத்திற்கு விரிசல் ஓடியிருந்தது. விரிசல் வளர வளர, இறக்கை சுழற்சியில் சற்றே வெளிப்புறமாக விலகியிருக்கிறது. அதுவே சமநிலையைக் கெடுத்திருக்கிறது. எடை வைத்திருந்தால் எண் குறைந்திருக்கும். விரிசல் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்திருக்கும். அந்த விசிறிக்கு நேர் எதிரே, சுவரோர நிழலில்தான் பகலுணவு வேளையில் பத்துப் பன்னிரண்டு தொழிலாளர்கள் அமர்வது வழக்கம்.

மேற்பார்வையாளர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், அன்றைய கூலியைப் பிடித்தம் செய்ய வேண்டாம் என்று அவரே சென்று நிருவாகத்திடம் கேட்டார்.

கேட்க வேண்டியது

அந்த ஆண்டுப் பொங்கலுக்கு அவர் பிள்ளையார்பாளையத்திற்குச் சென்றபோது, வீட்டில் இராட்டைக்குச் சிறு மோட்டார் பொருத்தப்பட்டிருந்தது. தாய்க்குத் தோள்வலி, இனிச் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டியதில்லை. மகன் ஆவலோடு கருவியை எடுத்து, கதிரைத் தாங்கும் கட்டையில் உணரியைப் பொருத்தத் தொடங்கினார். அதற்குள் தாய் மோட்டாரை ஓடவிட்டு, கட்டையின்மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றார். கருவியும் 0.6 என்று காட்டி அதனை ஒப்புக்கொண்டது.

தாய் அந்தப் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நடுங்குதா இல்லையான்னு இது சொல்லுது. ஏன் நடுங்குதுன்னும் சொல்லுமாடா?”

“அத இது சொல்லாதும்மா. நாமதான் பாக்கணும்.”

தாய் தலையசைத்துவிட்டு, நூலின் முனையைத் தேடி எடுத்துத் தார்க்குச்சியில் பிணைத்தார். கதிர் சுழலத் தொடங்கியது. மோட்டார் வந்த பின்னும், அவருடைய இடக்கை விரல்கள் நூலை விட்டு அகலவில்லை.